வேண்டியவர் கொண்டுவந்த பிழை

"இந்த அட்டவணைய எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்…"

மழைக்கு ஒதுங்கிய அந்தப் பேருந்து நிறுத்தத்தில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்ற நினைப்பில்தான் அவள் அப்படி வாய்விட்டுச் சொன்னாள்.

"கிடைச்சா…?"

தூக்கிவாரிப் போட்டது. தகரப் பலகைக்குப் பின்னால் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்த ஒருவன் மெல்ல நிமிர்ந்தான். முழங்கை வரை நனைந்த சட்டை. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி.

"சொல்லுங்க… அடிப்பீங்களா, இல்ல திட்டறதோட விட்டுடுவீங்களா? நிக்கறதா ஓடறதான்னு நான் முடிவு பண்ணணும்."

"நீங்களா எழுதினது?"

"டிப்போவுல அட்டவணை போடறது நான்தான்."

"நல்லா போட்டீங்க! இனிமே ஒரு மணி நேரத்துக்கு பஸ்ஸே இல்லையாம். ஆஸ்பத்திரி வாசல்ல இப்படியா?"

"இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல வரும்."

"போர்டுல இல்லையே?"

"போர்டுல இல்ல. ஆனா ரோட்டுல இருக்கு."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அது ஏற்கனவே நனைந்த சட்டை. துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் மங்கியது. அந்த ஒரு நிமிடம் அவன் கண்கள் மறைப்பில்லாமல் தெரிந்தன… உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். கோபமாக இருக்கிறோம் என்பதை அவள் தனக்கே ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"இது சுற்றுப் பேருந்துங்க," என்றான் அவன். "இந்த நிறுத்தத்துக்கு ஒரே சுத்துல ரெண்டு தடவை வரும். போறப்ப ஒண்ணு, சுத்திட்டு வர்றப்ப ஒண்ணு. நாங்க வச்சிருக்கற மென்பொருளுக்கு அந்த ரெண்டாவது தடவை கண்ணுக்கே தெரியாது. அச்சடிக்கறப்ப விட்டுடும். சிகிச்சை முடிஞ்சு வெளிய வர்றவங்க போர்டைப் பார்க்கறாங்க, பஸ் இல்லைன்னு நெனச்சு நடக்க ஆரம்பிச்சுடறாங்க. நானும் தாள்ல எழுதி ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொண்ணு போச்சு."

"எந்த மென்பொருள்?"

"'சக்கரம்'னு ஒண்ணு. இலவசம்தான். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம். சின்னச் சின்ன டிப்போ எல்லாம் அதை நம்பித்தான் ஓடுது. நல்ல மென்பொருள்தான், ஆனா… அதுக்கு ஒரு கண்டக்டர் இருக்கார்."

அவள் பலகையிலிருந்து பார்வையை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"பட்டப்பேருதான். எந்தத் திருத்தம் எந்தப் பதிப்புல போகணும், பதிப்பு என்னைக்கு வெளிய வரணும், எல்லாம் அவர் வச்சதுதான் சட்டம். ஆள் ரிட்டயர் ஆகியிருப்பார். வழுக்கையா இருப்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்… 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்'! சிரிக்கவே தெரியாத மனுஷன், எழுத்தைப் பார்த்தாலே தெரியுது."

அவள் கை தன்னையறியாமல் பின்னலுக்குப் போனது. ஈரத்தில் கனத்து, நுனியில் நீர் சொட்டிக்கொண்டு, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"வழுக்கைன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு யூகம்தான்."

அவன் சொன்னபடியே பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள். ஒரே ஒரு இருக்கைதான் காலி. அவளை உட்காரவைத்துவிட்டு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"தினமும் இந்த வழியா?"

"இல்ல… ஸ்கூட்டர் மெக்கானிக்கிட்ட இருக்கு. பஸ்ல ஏறி வருஷக்கணக்காச்சு."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஊர் ஊராகப் பேருந்து எப்போது வரும் என்று சொல்கிற மென்பொருளுக்குத் தேதி குறிப்பவள், பேருந்தில் ஏறி வருஷக்கணக்காச்சாம்!

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"அந்தக் கண்டக்டர் ரிட்டயர் எல்லாம் ஆகல. வழுக்கையும் இல்ல. சிரிக்கக்கூடத் தெரியும்… ஆனா இன்னைக்கு வேணாம்னு பார்க்கறேன்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தினம் கண்ணாடில பார்க்கறேன்."

பேருந்து நகர்ந்தது. ஜன்னலில் தெரிந்த அவன் முகத்தில் வாய் மட்டும் திறந்தபடியே போனது. அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு மழையோடு மழையாக அவளிடமிருந்து கொட்டியது…

*

அவளும் அவள் அக்காவும் குடியிருந்தது அக்காவின் பல் மருத்துவமனைக்கு மேல்மாடி. பகலெல்லாம் ஒரு நிறுவனத்தில் வேலை. சாயந்திரம் வந்து சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தால், அவள் கண்டக்டர்.

அந்தப் பட்டப்பேர் சும்மா வரவில்லை. சக்கரம் ஒரு காலத்தில் தேதியே இல்லாத வண்டியாக இருந்தது. 'இதை மட்டும் சேர்த்துட்டு வெளியிடலாம்' என்பார் ஒருவர். அதற்குள் இன்னொருவர் இன்னொன்றைக் கொண்டுவருவார். அப்படி இழுத்து இழுத்து ஒரு பதிப்பு ஒரு வருடத்துக்கு மேல் வெளியே வராமல் கிடந்தது. சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்போதுதான் இவள் எழுந்து, வருடத்துக்கு இரண்டு பதிப்பு, அதற்கு இரண்டு தேதி என்று நிர்ணயித்தாள். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு 'கதவு சாத்தல்.' அதன் பிறகு புதிதாக எதுவும் உள்ளே வராது, இருப்பதைச் சோதிப்பது மட்டும்தான். தேதி வந்தால் வண்டி கிளம்பிவிடும். தவறவிட்டவர்கள் அடுத்த வண்டியில் ஏற வேண்டியதுதான். அன்றிலிருந்து ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அன்று சாயந்திரம் பொது விவாதப் பக்கத்தில் 'டிப்போ' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது.

'கண்டக்டர் ஐயாவிடம்… மன்னிக்கவும், அம்மாவிடம்… மன்னிக்கவும், மேடத்திடம், இன்று பேருந்து நிறுத்தத்தில் நான் சொன்ன அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். குறிப்பாக, தலைமுடி பற்றியது.'

அவள் விறைப்பாகப் பதில் போட்டாள். 'இந்த விவாதம் சுற்றுப் பேருந்துப் பிழை பற்றியது. தலைமுடி பற்றிய பிழைகளைத் தனியாகப் பதியவும்.'

சக்கரத்தை முதன்முதலில் எழுதியவர் கடல் கடந்து வாழும் ஒரு கணக்குப் பேராசிரியர். அவரை எல்லோரும் 'தாடி' என்பார்கள். அவர் உடனே கேட்டார்: 'நான் எதையாவது தவறவிட்டேனா?'

அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருப்பதை, கையுறையைக் கழற்றியபடி மாடியேறி வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடி, கம்ப்யூட்டரப் பார்த்துப் பல்லக் காட்டற?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பிழை."

"பிழை வந்தா மூஞ்சி உர்ருன்னுல்ல இருக்கும் உனக்கு? இது வேற எதோ…"

*

பிழையை நேரில் பார்ப்பது தன் கடமை என்று அவள் அக்காவிடம் சொன்னாள். கடமைக்குப் போகிறவள் எதற்கு மூன்று சட்டையை மாற்றிப் பார்க்கிறாள் என்று அக்கா கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த மிச்ச இரண்டையும் மடித்து மட்டும் வைத்தாள்.

டிப்போவின் அட்டவணை அறை பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே ஒரு இயந்திரம் உறுமினால் மேலே மேஜை நடுங்கியது. சுவர் முழுக்க நீளமான தாள்கள், அவற்றில் வண்டிக்கொரு வண்ணமாகக் கோடுகள். அவன் ஒவ்வொரு கோட்டையும் ஆளைப்போல அறிமுகப்படுத்தினான்.

"இது பச்சை. நல்ல பிள்ளை, நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்துடும். இது மஞ்சள். ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டு மூச்சு வாங்கும். இதோ, இந்தச் சிவப்புதான் நம்ம சுற்றுப் பேருந்து."

"நம்ம?"

"டிப்போவோட… அதாவது, உங்களோடதும்தானே…" அசடு வழிந்தது.

ஊதா நிறக் கோடு ஒன்று சந்தைப் பக்கம் நெளிந்திருந்தது. அங்கே காய் ஏற்றுகிறவர்கள் கூடையோடு ஏறி இறங்க நேரமாகும் என்பதால் அவனே சேர்த்துக்கொடுத்த நிமிடங்கள் அவை. மென்பொருளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. வெறும் கட்டமாகத்தான் அவள் அதை இத்தனை வருடமும் பார்த்திருந்தாள். அதற்குள் கூடைகள் இருந்தது தெரியாது.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்ததும். ஸ்கூட்டர் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் பேருந்தில்தான் போனாள். இயந்திரம் துப்புகிற சுமாரான தேநீரைக் குடித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். அவன் உளறினால் அவள் திருத்தினாள், அவள் அதட்டினால் அவன் சல்யூட் அடித்தான். சிரிக்கும்போது அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அந்த ஒரு அசைவுக்காக அவள் வேண்டுமென்றே சிரிக்கவைக்கத் தொடங்கியிருந்தாள். இது எங்கே போய் முடியுமோ… என்று நினைப்பாள். நினைத்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பாள்.

*

சக்கரத்தில் 'நத்தை' என்று ஒரு நிரலாளர் உண்டு. மெதுவாகத்தான் செய்வார், ஆனால் செய்தால் கச்சிதமாக இருக்கும். சுற்றுப் பேருந்துப் பிழைக்கு அவர்தான் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தார். அது வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது.

அன்று டிப்போ அறையில் ஜன்னலெல்லாம் மழைக்கோடு. அவன் கண்கள் பளபளத்தன.

"நத்தை அனுப்பிட்டார், பார்த்தீங்களா? கச்சிதமா இருக்கு!"

"பார்த்தேன். நல்லா எழுதியிருக்கார்."

"அப்ப இந்தப் பதிப்புலயே சேர்த்துடலாம்ல?"

"கதவு சாத்தியாச்சே."

"திறக்க முடியாத கதவா அது?"

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி எல்லா நிறுத்தத்துக்கும் புது தகரப் பலகை அடிச்சு மாட்டுவோம். மாட்டினா அடுத்த அரை வருஷத்துக்கு அதுதான். எங்க மேலாளர் அம்மா, முறையா வெளியிட்ட பதிப்பைத் தவிர வேற எதையும் கம்ப்யூட்டர்ல ஏத்த விடமாட்டாங்க. இந்தப் பதிப்புல வரலைன்னா ஆஸ்பத்திரி நிறுத்தம் இன்னும் அரை வருஷம் இப்படியே கிடக்கும்…"

அவன் சொன்னது அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. 'சரி' என்று சொல்ல வாய் துடித்தது. அந்தத் துடிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. கேட்பது இவன் என்பதால்தானே இப்படித் துடிக்கிறது? இவனுக்காக ஒரு தேதியைத் தள்ளினால், நாளைக்கு மற்றவர்களுக்கு எந்த முகத்தோடு 'இல்லை' என்று சொல்வேன்?

"முடியாது," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட விறைப்பாக வந்தது. "அடுத்த பதிப்புல பார்க்கலாம். வேற யாராவது கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு விளக்கணைந்த மாதிரி போயிற்று.

"வேற யாராவது…" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "சரிங்க. புரிஞ்சுது. நான்தான் கொஞ்சம் அதிகமா நெனச்சுட்டேன் போல."

"நான் அப்படிச் சொல்லல…"

"இல்ல மேடம், சட்டம்னா சட்டம்தானே."

மேடமாம்! அந்த ஒரு சொல்லில் அவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

*

அதன் பிறகு விவாதப் பக்கத்தில் டிப்போவிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. வாதாடவில்லை, கெஞ்சவில்லை, கிண்டல் இல்லை. அவள் பத்து நிமிடத்துக்கொரு முறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பாள். யாராவது ஏதாவது எழுதியிருந்தால் நெஞ்சு படபடக்கும். பார்த்தால் தாடியாக இருக்கும். பாவம் தாடி, அந்த வாரம் அவருக்கு வந்த பதில்கள் எல்லாம் வெடுக் வெடுக்கென்று இருந்தன.

"வலிக்கற பல்லை நாக்கால நெருடிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்க," என்றாள் அக்கா. "என்னன்னு சொல்லித் தொலையேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாடு ஆறிப்போனது. அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பையன் யாருன்னே தெரியாது, வேற எதோ ஊர்ல இருந்து இந்தப் பிழையை எழுதிப் போட்டிருக்கான்னு வச்சுக்கோ. அப்ப என்ன பண்ணியிருப்ப?"

"அப்பவும் இல்லைன்னுதான்…" என்று ஆரம்பித்தவள் நின்றாள்.

இல்லை. அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். உடம்பு முடியாதவர்கள் பேருந்தைத் தவறவிட்டு மழையில் நடக்கிறார்கள் என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால், குழுவில் வைத்துப் பேசியிருப்பாள். வெளியீட்டை நிறுத்திவைக்கிற அளவுக்குப் பெரிய பிழையா என்று நாலு பேரைக் கேட்டிருப்பாள். அதற்கென்று விதியிலேயே இடம் இருக்கிறது. அவள் எழுதிய விதிதான். இவனுக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது என்ற பயத்தில், ஊர்பேர் தெரியாதவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய நியாயத்தைக்கூட இவனுக்குக் கொடுக்கவில்லை.

"அக்கா… நான் தப்பு பண்ணிட்டேன்."

"ம். தட்டக் கழுவிட்டுப் போய்ச் சரி பண்ணு."

அவள் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அனுப்பினாள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் படிக்கிற அந்தப் பொதுப் பக்கத்தில், அவளுடைய வழக்கமான விறைத்த நடையில் அது வந்து விழுந்தது.

'சுற்றுப் பேருந்துப் பிழைக்கான திருத்தத்தை இந்தப் பதிப்பில் சேர்க்க முடியாது என்று நான் கூறியிருந்தேன். அந்த முடிவை நான் எடுத்திருக்கக் கூடாது. பிழையைக் கொண்டுவந்தவர் எனக்கு வேண்டியவர். அவருக்குச் சலுகை காட்டிவிடுவேனோ என்ற அச்சத்தில், பிழையை அதன் தகுதிக்கேற்ப நான் பார்க்கவில்லை. எனவே விலகிக்கொள்கிறேன். மற்றவர்கள் தீர்மானிக்கவும்.'

முதலில் தாடி வந்தார். 'நல்லது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு துணைக்கேள்வி. வேண்டியவர் என்றால், எந்த அளவுக்கு?'

எந்தக் கேள்விக்கும் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிற நத்தை அடுத்த நிமிடமே எழுதினார். 'எனக்கும் தெரிய வேண்டும்.'

எங்கோ ஒரு ஊரிலிருந்து, இதுவரை வாயே திறக்காத ஒரு உறுப்பினர்: 'இந்த விவாதத்தின் தலைப்பை மாற்றலாமா?'

அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். காது மடல் வரை கொதித்தது.

மறுநாள் தாடியின் தீர்ப்பு வந்தது. வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போகும். ஆனால் சும்மா இல்லை. திருத்தம் சேர்த்த முன்னோட்டப் பதிப்பை மூன்று டிப்போவாவது நிஜமான வழித்தடங்களில் வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய நிலைதான்.

அவள் காலத்தில் முதன்முதலாக ஒரு தேதி தப்பியது. உலகம் இடிந்து விழவில்லை. 'கண்டக்டரே, மூச்சு விடுங்கள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

மதியம் டிப்போவின் பதிவும் வந்துவிட்டது.

'சோதிப்பதற்கு மட்டும் என்று எங்கள் மேலாளர் ஒரு பழைய கணினியைக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊர்களில் இரண்டு டிப்போக்களிடமும் பேசிவிட்டேன். நாளை தொடங்குகிறோம்.'

அவ்வளவுதான். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். வேண்டியவர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

*

சோதனை வாரம் முழுக்க அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். காலையில் அவன் அச்சடித்த அட்டவணையோடு வருவான். அவள் மடியில் கணினியோடு சிவப்புக் கோட்டு வண்டியில் உட்காருவாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் நேரம் சொல்ல, அவள் சரிபார்ப்பாள். வேலை சுத்தமாக நடந்தது. ஆனால் அவன் அளந்து பேசினான். 'சரிங்க மேடம்… பார்க்கறேன் மேடம்…'

படிக்கவில்லையா? ஊரே படித்ததே! படித்துவிட்டுத்தான் இப்படி இருக்கிறானா? அப்படியென்றால் பதில் இதுதானா…? அவளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிச்சுட்டீங்களா, இல்ல இனிமேதானா?" கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டுநர் கேட்டார். "சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பிரேக் போடுவேன்."

"வேலையப் பாருங்கண்ணே," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வார நடுவில் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ஒரே வண்டி மூன்று தடவை வருவதாக அச்சாகியது. அதைக் கண்டுபிடித்தது அவன்தான். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நத்தைக்கு எழுதினாள். வாரம் முடிவதற்குள் அவர் திருத்துவாரா என்று இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நத்தை தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். மறுநாள் காலையே திருத்தம் வந்துவிட்டது. மூன்று டிப்போக்களிலும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள்.

கடைசி நாள், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சோதனைக்காக ஒட்டிய அட்டவணையின் எதிரில் இருவரும் நின்றிருந்தார்கள். கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தாள். தூறலில் நின்று அட்டவணையை விரலால் தடவிப் படித்தாள். அவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அந்தப் பெண் தலையசைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில், சுற்றி வந்த சிவப்புக் கோட்டு வண்டி அவள் முன்னால் வந்து நின்றது. ஒரு ஆச்சரியமும் இல்லாமல், அது வரத்தான் செய்யும் என்பதுபோல, அவள் ஏறிப் போனாள்.

அவன் இவளைப் பார்த்தான். இவள் அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்கு வெளியீடு இல்லையா…? வாழ்த்துகள் மேடம்."

போய்விட்டான்!

*

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜை. சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவளைப்போல அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தாடி சரி என்றார். நத்தை சரி என்றார். மூன்று டிப்போக்களும் சரி என்றன. அவள் பொத்தானை அழுத்தினாள். புதிய பதிப்பு வெளியே போயிற்று.

எல்லா ஊரிலிருந்தும் கைத்தட்டல் படங்கள் வந்து குவிந்தன. மற்ற நாளென்றால் அக்காவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள். இன்று சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. அக்கா போய்த் திறந்தாள்.

வாசலில் அவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டிரண்டு படியாக ஏறி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"கீழ கிளினிக்குல கேட்டேன்… மேலன்னாங்க…"

"பல்லு வலியா?" என்றாள் அக்கா.

"இல்லைங்க. நான் டிப்போவுல…"

"ஓ! வேண்டியவரா?" அக்கா கதவை அகலத் திறந்தாள். "வாங்க வாங்க. ஒரு வாரமா இங்க யாருக்கும் சரியா சோறு இறங்கல. நான் உள்ள போறேன். ஆனா எனக்குக் காது நல்லாவே கேக்கும், சொல்லிட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். கோபப்படுவதா, ஓடிப்போய் துண்டு எடுத்து வருவதா என்று தெரியவில்லை. கோபம் முந்திக்கொண்டது.

"என்ன வேணும்? பதிப்பு வெளியாயிடுச்சு. உங்க வேலை முடிஞ்சுதே!"

"ஆமா. முடிஞ்சுது. எங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி, மேலாளர் அம்மா கையெழுத்தும் போட்டுட்டாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன்." அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நீங்க எழுதினதை அன்னைக்கே படிச்சேன். எத்தனை தடவைன்னு கேக்காதீங்க. அந்த நிமிஷமே வந்து நிக்கணும்னுதான் இருந்துது. ஆனா அப்ப உங்ககிட்ட எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்துது. காரியத்துக்காக வந்து நிக்கறான்னு யாரும் சொல்லிடக் கூடாது… முக்கியமா, நீங்க நெனச்சுடக் கூடாது. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மேடம் மேடம்னு…"

"அந்த மேடத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

"எனக்கு மட்டும் இனிச்சுதா?" அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "இப்ப உங்ககிட்ட எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்ல. ஒண்ணுகூட இல்ல. அதனால சொல்றேன்… எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தக் கண்டக்டர் கிழவர்னு திட்டிக்கிட்டு இருந்தப்பவே, பக்கத்துல நிக்கற பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் பேசமாட்டாளா, இந்த பஸ் இன்னும் கொஞ்சம் லேட்டா வராதான்னு நெனச்சேன். அட்டவணை போடறவன் நெனைக்கக் கூடாத நெனப்பு அது."

அவளுக்குக் கண் கரித்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வரும் என்று தெரியாமல் உதடு தடுமாறியது. மெல்லக் கைநீட்டி, அவன் விரல்களிலிருந்து அந்தக் கண்ணாடியை வாங்கி, தன் துப்பட்டாவின் உலர்ந்த நுனியில் பொறுமையாகத் துடைத்து, அவன் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது…" அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "பதில்தான் இன்னும் தெரியல."

"எனக்கும்தான்…" என்றாள் அவள், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"என்னது?" உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கடைசில சொன்னது சரியா விழலடி… கொஞ்சம் சத்தமாச் சொல்லு!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, கீழே பல்லுக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னாள்.